மழை நாளில் போய்ப் படகு பாருங்கள்

குடும்பத்தோடு உள்ளேயே தங்கிச் சுற்றும் படகு வாங்குவதாக இருந்தால், வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்கப் போகாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எந்த ஓட்டைப் படகும் லட்சணமாகத்தான் தெரியும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும், விற்பவர் டீ போட்டுக் கொடுப்பார், நீங்களும் மயங்கிப்போய் முன்பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.

நான் சொல்வது இங்கிலாந்தின் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் பிராட்ஸை மனதில் வைத்து. ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்த நீர்வழி, ஏறக்குறைய 200 கி.மீ., படகை ஏற்றி இறக்கும் மதகான லாக் நடுவில் ஒன்றுகூடக் கிடையாது என்பதால் புதிதாகப் படகு ஓட்டுகிறவர்களுக்குத் தோதான இடம். இந்த ஏரிகள் இயற்கையாக வந்தவை அல்ல. இடைக்காலத்தில் அடுப்பெரிக்க பீட் என்னும், செடிகொடிகள் மக்கிப் படிந்த மண்ணை வெட்டி வெட்டி எடுத்த பள்ளங்களில் பின்னால் தண்ணீர் நிறைந்து ஏரியானவை. பெரும்பாலான இடங்களில் வேக வரம்பு மணிக்கு 3 முதல் 6 மைல்தான். கரையில் நாயோடு நடப்பவர் சில சமயம் நம்மை முந்திக்கொண்டு போவார்.

அதனால் எஞ்சினைப் பற்றிச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். 25 அடிப் படகுக்கு 30 குதிரைசக்தி டீசல் எஞ்சின் ஒன்று தாராளம். பின்னால் இரண்டு பெரிய எஞ்சின் வைத்த பளபளா படகைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அந்த வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை, எரிபொருளும் பராமரிப்பும்தான் இரட்டிப்பாகும். அதற்காகப் பின்னால் வெளியே மாட்டும் ரொம்பக் குட்டி அவுட்போர்டு எஞ்சினும் வேண்டாம். கிரேட் யார்மத் பக்கம் பியூர் ஆற்றில் நீரோட்டம் பலமாக இழுக்கும். கடலின் வற்றம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து ஓட்டம் அடங்கும்போதுதான் கடக்கச் சொல்வார்கள். அப்போதும் கையில் கொஞ்சம் சக்தி மிச்சம் இருந்தால்தான் நிம்மதி.

சரி, படுக்கைக்கு வருவோம். விளம்பரத்தில் 'ஆறு பெர்த்' என்று போட்டிருந்தால் நான்கு பேருக்கான படகு என்று எடுத்துக்கொள்ளுங்கள், 'நான்கு பெர்த்' என்றால் இரண்டு பெரியவர்களும் ஒரு சிறு பிள்ளையும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. சாப்பாட்டு மேசையை இறக்கி, அதன்மேல் மெத்தைகளைக் கோத்து வைத்தால் வருகிற படுக்கையையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் படுப்பவர், மற்ற எல்லோரும் தூங்கப் போன பிறகுதான் படுக்க முடியும், காலையில் யாருக்காவது காபி வேண்டுமென்றால் முதலில் அவர்தான் எழ வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பாக்கியசாலி நான்.

முதல் தடவை நாங்கள் வாடகைக்கு எடுத்த படகின் வரைபடத்தில் எல்லாம் அம்சமாக இருந்தது. இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது, நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம், அப்புறம்தான் தெரிந்தது கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து என் முழங்காலில் இடிக்கிறது என்று. யார் உள்ளே போனாலும் நான் எழுந்து நிற்க வேண்டும், நான் எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். மூன்று நாள் இப்படியே போனது. வரைபடத்தில் கதவு என்பது ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்! அதனால் படகு பார்க்கப் போகும்போது எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவரைக் கழிவறைக்கு அனுப்பிப் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கழிவறையிலேயே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: கெசட்டா, பம்ப்-அவுட்டா? கெசட் என்பது கையால் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுகிற, 20 லிட்டர் வாக்கில் பிடிக்கும் பெட்டி. நான்கு பேர் இருந்தால் இரண்டு நாளில் நிறைந்துவிடும், நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் படித்துறையில் நடப்பது யார் என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது. ஆற்றில் திறந்துவிடுவதற்கு அனுமதி கிடையாது. பிள்ளைகள் இருந்தால், தொட்டியோடு வரும், கரையில் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கிற பம்ப்-அவுட் வகைக்கே என் ஓட்டு.

அமைப்பு விஷயத்தில் மூன்று வகை கண்ணில் படும். 25 அடிக்குள் இருப்பவற்றில் பெரும்பாலும் பின்பக்கம் திறந்த தளம், அதற்கு மேல் கேன்வாஸ் கூரை. கேன்வாஸ் கிழியாமல் ஜிப் ஒழுங்காக வேலை செய்தால் அது ஓர் அறைக்குச் சமம், ஈர ஷூ, ரெயின்கோட், நாய் எல்லாம் அங்கேயே இருக்கும். 28, 30 அடி போனால் ஓட்டும் இடம் நடுவில் வந்துவிடும், முன்னறையில் பிள்ளைகள், பின்னறையில் நீங்கள், நடுவில் இரண்டு கதவு. பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதுதான் சரி, ஆனால் ஏறி இறங்கப் படிகள் அதிகம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்படி ஒரு படகில் ஒரு நாளில் இருபது தடவை படி ஏறி இறங்கிவிட்டு மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் வருவார்கள் என்றால் தரை ஒரே மட்டமாக, முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற, கூரை பின்னுக்கு நகரும் படகைப் பாருங்கள். பார்க்கக் குளியல் தொட்டி மாதிரிதான் இருக்கும், இருக்கட்டுமே.

அழகான வேறு சில படகுகள் இங்கே செல்லாமல் போவதற்குக் காரணம் பாலம். பாட்டர் ஹெய்கமில் இடைக்காலத்துக் கல்பாலம் ஒன்று இருக்கிறது, நீர் ஏறியிருக்கும்போது வளைவின் நடுவில் உயரம் சுமார் ஆறரை அடிதான். அதற்கு அந்தப் பக்கம்தான் பிராட்ஸிலேயே பெரிய ஏரியான ஹிக்லிங் இருக்கிறது. தங்கும் வாடகைப் படகை அங்கே நாமாக ஓட்டிக்கொண்டு போக முடியாது, பாலம் கடத்திவிடும் பைலட் வந்து கொண்டுபோய் விடுவார், அவரே முடியாது என்று சொல்லிவிடுகிற நாட்களும் உண்டு. ராக்ஸம் பாலம் ஏழடிக்குச் சற்று மேல். ஆகவே படகின் நீளத்தைக் கேட்பதற்கு முன்னால் ஏர் டிராஃப்டைக் கேளுங்கள், அதாவது தண்ணீர் மட்டத்திலிருந்து, மடக்கவே முடியாத உச்சி வரை எவ்வளவு உயரம் என்று. விற்பவர் சொல்வதை நம்பாமல் டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். இன்னொரு சூட்சுமம், வளைவுப் பாலத்தில் உச்சி தப்பித்துவிடும், கேபினின் தோள்பட்டைதான் இடிக்கும். அகலமான கூரை கொண்ட படகுக்கு அளவு சரியாக இருந்தாலும் ஆபத்துதான்.

உயரம் குறைந்தால் உள்ளே நிற்க முடியாதே என்பீர்கள். உண்மைதான், இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. அடுப்புக்கு முன்னால் மட்டுமாவது நிமிர்ந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு பர்னர் போதும், தோசைக்கல் வைத்தால் இன்னொரு பர்னரில் பாதி மறைந்துவிடும் என்பதால் கல்லைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்த ஆள் நான். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், வெளியே போக வழி இருக்காது. சிலிண்டர் வைக்கும் பெட்டி தனியாக மூடியிருக்க வேண்டும், அதன் அடியிலிருந்து வெளியே வடிகால் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். படகின் பாதுகாப்பைச் சோதித்துக் கொடுக்கும் போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ் நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று தேதியைப் பாருங்கள்.

பழைய படகு என்றால் மூக்கை நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் ஊதுபத்தியோ ரூம் ஸ்பிரேயோ மணந்தால் எனக்குச் சந்தேகம்தான். மெத்தைகளைத் தூக்கி அடிப்பலகையில் கையை வையுங்கள், ஜன்னல் ஓரங்களில் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா பாருங்கள், மேல்தளத்தில் நடக்கும்போது எங்காவது காலுக்கடியில் பொதபொதவென்று இருந்தால் உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஃபைபர்கிளாஸ் அடிப்பாகத்தில் கொப்புளம் இருக்கிறதா என்பது தண்ணீரில் மிதக்கும்போது தெரியாது, வெளியே தூக்கி சர்வேயர் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

விலையைவிடக் கட்டிவைக்கிற செலவுதான் கடிக்கும். பழைய 22 அடிப் படகைப் பழைய கார் விலைக்கே வாங்கிவிடலாம். ஆனால் நிறுத்தும் இட வாடகை, இந்த நீர்வழியை நிர்வகிக்கும் பிராட்ஸ் அத்தாரிட்டிக்கு வருடா வருடம் டோல் என்னும் கட்டணம், இன்சூரன்ஸ், குளிர்காலப் பராமரிப்பு எல்லாம் வந்துகொண்டே இருக்கும். வருடத்தில் இரண்டு வாரம்தான் போவீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைதான் லாபம். வாங்குவதானாலும் முதலில் இரண்டு மூன்று அமைப்புகளில் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள்.

பிள்ளைகள் ஓரமாக நடக்கும் பக்கவாட்டுத் தளம் ஒரு பாதம் முழுதாகப் பதியும் அகலமாவது இருக்கட்டும், பிடிக்கக் கம்பி தொடர்ச்சியாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைப் பிள்ளையின் எடைக்குப் பார்த்து வாங்குங்கள், வயதுக்கு அல்ல. அப்புறம் படகு வாங்கிய அன்றே சாவிக்கு ஒரு தக்கை மிதவை மாட்டிவிடுங்கள். எங்களுடைய முதல் சாவி ரான்வொர்த் பக்கத்தில் சேற்றுக்குள் இன்னும் கிடக்கிறது.