சிரிப்பு மேடையில் வேட்பாளர்கள்: அமெரிக்க இரவு நிகழ்ச்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 செப்டம்பர் 24. அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டிருந்த நேரம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அன்று நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நேர நகைச்சுவைப் பேட்டி நிகழ்ச்சிக்கு வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. கடைசி நேரத்தில் லெட்டர்மேனுக்கே போன் போட்டு, நெருக்கடியைக் கவனிக்க உடனே வாஷிங்டன் போகிறேன், வர முடியாது என்று சொல்லிவிட்டார். லெட்டர்மேனும் முதலில் அதை மரியாதையோடுதான் எடுத்துக்கொண்டார். நிகழ்ச்சிப் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே உண்மை தெரிந்துவிட்டது. மெக்கெய்ன் இன்னும் நியூயார்க்கில்தான் இருந்தார். அதே சி.பி.எஸ். தொலைக்காட்சியின் இன்னொரு ஸ்டுடியோவில் செய்தித் தொகுப்பாளர் கேட்டி கூரிக்குக்குப் பேட்டி கொடுக்க மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் உள் இணைப்பில் வந்த அந்தக் காட்சியை லெட்டர்மேன் அப்படியே தன் நிகழ்ச்சியில் ஓடவிட்டார். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பட்டுமா என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் மெக்கெய்ன்தான் அந்த நிகழ்ச்சியின் அன்றாடத் தீனி. அக்டோபர் 16 அன்று நேரில் வந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. வரமாட்டேன் என்று சொன்னதில் பிழையே இல்லை. பொய்க் காரணம் சொன்னதுதான் பிழை. இந்தத் தொகுப்பாளர்களுக்கு வாரத்தில் நான்கைந்து இரவு மேடை இருக்கிறது, ஒவ்வொரு இரவும் புது நகைச்சுவை தேவைப்படுகிறது. அவர்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் வேட்பாளர் தன் எதிரிக்கு இலவசமாக ஒரு பிரச்சாரக் குழுவையே அமைத்துத் தருகிறார்.

இந்த நிகழ்ச்சிகளுக்கு வேட்பாளர்கள் போவதை மட்டமாகப் பேசுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்திச் சேனல் பக்கமே போகாத, விவாதங்களை நாலு நிமிடம்கூடப் பார்க்காத கோடிக்கணக்கான வாக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் வாக்காளர்கள்தான். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது ஜனநாயக வேலை. 1960இல் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் ஜாக் பார் நடத்திய இரவு நிகழ்ச்சிக்குப் போனதிலிருந்து இது நடந்துவருகிறது. ஆனால் அந்த நாற்காலியில் வேட்பாளருக்கு இரண்டே வேலைகள்தான். தன்னைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்க விடவேண்டும். கிடைக்கும் சில நிமிடத்தில் ஏதாவது ஒரு விஷயத்தை, ஒன்றே ஒன்றை, மனதில் பதியச் சொல்லிவிட்டு வரவேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டை மறப்பதால் வருபவை.

தானே ஜோக் அடிக்கப் பார்ப்பது

அடிக்கடி நடப்பதும் அதிகம் சேதம் செய்வதும் இதுதான். 2000 ஜனவரியில் லெட்டர்மேனுக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மார்ச் 1 அன்று, அப்போது டெக்சாஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் செயற்கைக்கோள் இணைப்பில் அந்த நிகழ்ச்சியில் பேசினார். மக்களை ஒன்றுசேர்ப்பவன் நான், பிரிப்பவன் அல்ல என்பது புஷ்ஷின் பிரச்சார வாசகம். அதற்கு என்ன பொருள் என்று லெட்டர்மேன் கேட்டார். உங்கள் நெஞ்சைத் தைக்கும் நேரம் வரும்போது திறந்து போடாமல் தையல் போடுவோம் என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னார் புஷ். அரங்கத்தில் சிரிப்புக்குப் பதில் கூச்சல் எழுந்தது. சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய மனிதரின் உடம்பை வைத்து வேடிக்கை பேசும் உரிமை அந்த மனிதருக்கு மட்டுமே உண்டு. இணைப்பு செயற்கைக்கோள் வழி என்பதால் ஒலி ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். கைதேர்ந்த நகைச்சுவையாளரே அதில் தடுமாறுவார்.

பேச்சில் பெரும் திறமைசாலி என்று பெயரெடுத்த பராக் ஒபாமாவும் இதில் தப்பவில்லை. 2009 மார்ச் 19 அன்று ஜே லெனோவின் இரவு நிகழ்ச்சிக்கு வந்தார். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் அந்த நிகழ்ச்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. வெள்ளை மாளிகையில் பவுலிங் ஆடி 129 எடுத்ததைச் சொல்லித் தன்னையே கிண்டலடிக்கத் தொடங்கினார். அதுவரை சரியாகத்தான் போனது. அடுத்த வரியில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மாதிரி என்று சேர்த்துவிட்டார். தன்னைக் குத்தப் போன ஊசி, பதில் பேச முடியாத இடத்தில் இருந்தவர்கள்மேல் பாய்ந்துவிட்டது. நிகழ்ச்சி இரவு ஒளிபரப்பாகும் முன்பே அந்த அமைப்பின் தலைவர் டிம் ஷ்ரைவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். உடனே கேட்டதால் சேதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. இந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மாலையிலேயே பதிவாகின்றன. ஆனாலும் பேசியதை வெட்டிவிடுவார்கள் என்று எந்தக் குழுவும் நம்பக் கூடாது. அரங்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்.

சரியாகச் செய்தவர் பில் கிளிண்டன். 1988 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் டுகாகிஸை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்து அவர் பேசிய பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்டியது. முடிக்கிறேன் என்று அவர் சொன்னபோதுதான் கூட்டம் கைதட்டியது. இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் சில இரவுகள் அதை வைத்தே மக்களைச் சிரிக்க வைத்தார். அடுத்த வாரமே கிளிண்டன் கார்சன் முன் போய் உட்கார்ந்தார். கார்சன் வேண்டுமென்றே நீட்டி முழக்கி அறிமுகம் செய்துவிட்டு, மேசைமேல் ஒரு மணற்கடிகாரத்தை எடுத்து வைத்தார். கிளிண்டன் கோபப்படவில்லை, விளக்கம் கொடுக்கவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தார். அப்புறம் சாக்ஸபோன் வாசித்தார். அந்த இரவின் எல்லா நகைச்சுவையும் கார்சனுடையது. கிளிண்டன் அதை வாங்கிக்கொள்ளும் வேலையை மட்டும் செய்தார்.

கையில் ஒரு விஷயமும் இல்லாமல் போவது

2003 நவம்பரில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஜான் கெர்ரி தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஹார்லி டேவிட்சன் ஓட்டியபடி லெனோவின் மேடைக்கு வந்தார். அதே வாரம் தன் பிரச்சார மேலாளரை நீக்கியிருந்தார். பார்த்தவர்களின் நினைவில் நின்றது மோட்டார் சைக்கிள் மட்டும்தான், அதுவும் ஒட்டாத ஒரு வேடமாக. மருத்துவக் காப்பீடோ ஈராக்கோ வேலைவாய்ப்போ அந்தக் காட்சியோடு எவர் மனதிலும் சேரவில்லை. இரண்டு மாதம் கழித்து அயோவா மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலில் அவர் ஜெயித்தார். அந்த வண்டிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக, ஒபாமா 2014 மார்ச்சில் இணையத்தில் நகைச்சுவை நடிகர் ஸாக் கலிஃபியனாகிஸோடு நடத்திய சில நிமிட உரையாடலைச் சொல்லலாம். அது இரவு நிகழ்ச்சி அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான அரசு இணையதளம் முந்தைய அக்டோபரில் திறந்த வேகத்திலேயே முடங்கிப் பெயர் கெட்டிருந்தது. பதிவு செய்யக் கடைசி நாள் மார்ச் 31. ஆரோக்கியமான இளைஞர்கள் போதுமான அளவில் சேராவிட்டால் காப்பீட்டுக் கட்டணம் எல்லோருக்கும் ஏறும். அந்த இளைஞர்கள் அதிபரின் உரையை உட்கார்ந்து கேட்கப் போவதில்லை. முகத்தில் அடித்தாற்போலக் கேள்வி கேட்பதே கலிஃபியனாகிஸின் பாணி. ஒபாமா அவமானங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு, நடுவில் தளத்தின் பெயரையும் தேதியையும் தொலைபேசி வழியையும் சொல்லிவிட்டார். அன்று அரசுத் தளத்துக்கு வந்தவர்கள் முந்தைய நாளைவிட 40 சதவீதம் அதிகம். யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் முன்பே தெளிவாக இருந்ததால் இது நடந்தது.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் விருந்தினரோடு முன்கூட்டியே பேசி, என்னென்ன கதைகள் வரலாம் என்று குறித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பேச்சில் நான்கைந்து கொள்கைகளைத் திணிக்க முயலும் குழுக்கள் ஒன்றையும் சாதிப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.

கடினமான மேடைக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துவது

2007 செப்டம்பர் 5 இரவு, நியூ ஹாம்ப்ஷரில் மற்றக் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் விவாத மேடையில் நின்றார்கள். நடிகரும் முன்னாள் செனட்டருமான ஃப்ரெட் தாம்சன் அதே இரவு லெனோவின் சோபாவில் உட்கார்ந்து, நானும் போட்டியிடுகிறேன் என்றார். விவாதத்தில் இருந்தவர்கள் அவர் இல்லாததைக் குத்திக் காட்டினார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல்கள் நடக்கவிருந்த மாநிலங்களில் ஒன்றின் வாக்காளர்களுக்கு அவர் சொல்லாமல் சொன்னது, உங்களைவிட இந்த சோபா எனக்கு முக்கியம் என்பதுதான். அடுத்த ஜனவரியில் போட்டியிலிருந்து விலகினார்.

அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் 2003 ஆகஸ்ட் 6 அன்று இதே லெனோ முன்தானே கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்பதாக அறிவித்து வென்றார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் உலகமே அறிந்த முகம், தேர்தலுக்கு இருந்தது இரண்டே மாதம், அவர் நிற்பாரா என்ற கேள்வியில் ஊரே காத்திருந்தது. அந்த மூன்றும் தாம்சனுக்கு இல்லை. ஒருவருக்குப் பலித்ததை அப்படியே நகல் எடுப்பதும் தனியாக எண்ண வேண்டிய தவறுதான்.

பக்கத்தில் என்ன ஓடும் என்று கேட்காமல் ஒப்புக்கொள்வது

பேட்டி வேறு, ஸ்கெட்ச் எனப்படும் சிறு நகைச்சுவை நாடகங்கள் கொண்ட நிகழ்ச்சி வேறு. 1975இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் விமானப் படிக்கட்டில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் வழுக்கி விழுந்தார். ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் செவி சேஸ் வாராவாரம் விழுந்து புரண்டு அவரைக் கேலி செய்தார். கேலியோடு கலந்துகொண்டால் அதன் கூர் மழுங்கும் என்று நினைத்த பத்திரிகைச் செயலர் ரான் நெஸன், 1976 ஏப்ரல் 17 அன்று தானே அந்த நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். ஃபோர்டும் சில வரிகளைப் பதிவு செய்து கொடுத்தார். அந்த வாரத்தின் மற்ற ஸ்கெட்ச்களோ வழக்கத்தைவிடக் கொச்சையானவை. அதிபரின் முகம் அவற்றுக்கு நடுவே வந்தது. எண்ணம் நல்லதுதான், ஆனால் முழு நிகழ்ச்சியின் எழுத்தும் தன் கையில் இல்லை என்பதை நெஸன் போதிய அளவு யோசிக்கவில்லை.

சிரிப்பை வாக்காக எண்ணுவது

1968 செப்டம்பரில் நிக்சன் ‘லாஃப்-இன்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் சில நொடிகள் தோன்றி ஒரே ஒரு வரி சொன்னார். போட்டியாளர் ஹம்ஃப்ரி அழைப்பை மறுத்தார். நிக்சன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றதால், அந்தச் சில நொடிகள்தான் தேர்தலைத் தீர்மானித்தன என்று இன்றும் கதை சொல்கிறார்கள். வியட்நாம் போரும் சிகாகோ மாநாட்டு வன்முறையும் நடந்த ஆண்டு அது. அவ்வளவையும் ஒதுக்கிவிட்டு ஒரு வரிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2008 அக்டோபரில் மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ மேடைக்கு வந்த இரவு 1.4 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அவரைப் போலவே நடித்துக்காட்டிய டினா ஃபே பற்றிய ஆர்வம்தான் பலரைத் திரைக்கு இழுத்தது. பேலின் இருந்த அணி தோற்றது. 2011 நவம்பர் விவாதத்தில் தான் மூடப்போவதாகச் சொன்ன மூன்றாவது அரசுத் துறை எது என்பதையே மறந்து நின்ற குடியரசுக் கட்சிப் போட்டியாளர் ரிக் பெரி, மறுநாளே லெட்டர்மேனிடம் போய்த் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். நன்றாகவே செய்தார். ஆனால் மக்களின் சந்தேகம் அவர் சிரிக்கத் தெரிந்தவரா என்பதில் இல்லை, வேலைக்குத் தயாரா என்பதில் இருந்தது. அதற்குச் சிரிப்பு மருந்தாகாது. ஜனவரியில் போட்டியிலிருந்து விலகினார்.

தொகுப்பாளர்கள் செய்யும் தவறும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜிம்மி ஃபாலன் டொனால்ட் டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடினார். கேட்க வேண்டிய கேள்விகள் குவிந்துகிடந்த நேரத்தில் அப்படிச் செய்ததற்காகக் கடும் கண்டனம் வந்தது, பின்னாளில் அவரே வருந்தினார். 2000 அக்டோபரில் புஷ் நேரில் வந்தபோது, டெக்சாஸின் மரண தண்டனைகளைப் பற்றியும் காற்று மாசு பற்றியும் லெட்டர்மேன் விடாமல் கேட்டார். நகைச்சுவையாளர் கேட்டால் கேள்வி இலகுவாகத்தான் இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும்.

சம நேர விதியை மறப்பது

இது வழக்கறிஞர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1934ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவுப்படி, ஒளிபரப்பு நிலையம் ஒரு வேட்பாளருக்கு இடம் கொடுத்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர்கள் ஒரு வாரத்துக்குள் கேட்டால் அவர்களுக்கும் சமமான வாய்ப்பு தரவேண்டும். 1959இல் செய்திகளுக்கும் செய்திப் பேட்டிகளுக்கும் விலக்கு வந்தது. 2006இல் ஷ்வார்ஸ்னெகர் மறுபடி லெனோவுக்குக் கொடுத்த பேட்டியை ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்த விலக்கில் சேர்த்தது. ஸ்கெட்ச் அதில் சேராது. 2015 நவம்பரில் டிரம்ப் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் 12 நிமிடம் 5 நொடி தோன்றினார். கேட்ட போட்டியாளர்கள் சிலருக்கு, அதை ஒளிபரப்பும் என்.பி.சி. நிலையங்கள் ஈடாக நேரம் ஒதுக்கின. 2024 நவம்பர் 2 இரவு, தேர்தலுக்கு மூன்று நாள் முன், கமலா ஹாரிஸ் அதே நிகழ்ச்சியில், தன்னைப் போல நடிக்கும் மாயா ருடால்ஃபோடு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் தோன்றினார். மறுநாளே நாஸ்கார் கார் பந்தயத்தின்போதும் ஞாயிறு இரவு கால்பந்து ஆட்டத்தை ஒட்டியும் டிரம்புக்கு என்.பி.சி. இலவச நேரம் கொடுத்தது. ஒரு நகைச்சுவைக் காட்சிக்கு ஈடாக, விளையாட்டு ரசிகர்களின் பெருங்கூட்டத்திடம் நேராகப் பேசும் வாய்ப்பு எதிரிக்குக் கிடைத்தது. கடைசி வாரத்தில் அப்படி ஒரு மேடைக்கு ஒப்புக்கொள்ளும் குழு இந்தக் கணக்கை முதலில் போட்டிருக்க வேண்டும்.

கேபிள் சேனல்களின் நிகழ்ச்சிகளையும் இணையத்தையும் இந்த விதி நடைமுறையில் எட்டுவதில்லை. கூட்டமும் அங்கேதான் நகர்கிறது. ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் சி.பி.எஸ். அறிவித்தது. 2024இல் டிரம்ப் ஜோ ரோகனின் பாட்காஸ்டில் மூன்று மணி நேரம் பேசினார். அங்கே முன்கூட்டிக் கதைகளைக் குறித்துக்கொள்ளும் தயாரிப்பாளரும் இல்லை, ஏழு நிமிடத்தில் வரும் விளம்பர இடைவேளையும் இல்லை. மனப்பாடம் செய்த மூன்று வரிகள் பத்தாவது நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.