இராணுவ அதிகாரிக்கு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது எப்படி?

இந்தியத் தரைப்படையில் பணியைத் தொடங்கியிருக்கும் இளம் அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன். ‘உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று விளக்கம் கேட்டு வரும் கடிதம்தான் ஷோ காஸ் நோட்டீஸ். முதல் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் கோபத்திலோ பயத்திலோ ஒரே இரவில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. அந்த நாலு பக்கம் கோப்பை விட்டுப் போகாது. அதனால் அவசரப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: வந்திருப்பது எது என்று பாருங்கள்

கோர்ட் மார்ஷல் எனும் இராணுவ நீதிமன்றத்திலோ, மேலதிகாரி நடத்தும் சுருக்க விசாரணையிலோ கொடுக்கப்படும் ‘ரெப்ரிமாண்ட்’ (கண்டிப்பு), ‘சிவியர் ரெப்ரிமாண்ட்’ (கடும் கண்டிப்பு) இரண்டும் இராணுவச் சட்டம் 1950 சொல்லும் தண்டனைகள். ‘சென்ஷர்’ எனப்படும் கண்டனம் அந்தப் பட்டியலில் இல்லை. அது படை மரபிலும் தலைமையகத்தின் கொள்கைக் கடிதங்களிலும் நிற்கும் நிர்வாக நடவடிக்கை. அதற்கு முன்னால் வருவதுதான் ஷோ காஸ் நோட்டீஸ்.

அந்த நிலையில் உங்கள் மேல் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஆனால் கண்டனம் ‘பதிவாகும்’ வகையாக அமைந்தால் அதிகாரிகளின் பதவி உயர்வைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி பிரிவில் உள்ள உங்கள் கோப்புக்குப் போய்விடும். கர்னல் பதவிக்கான தேர்வு வாரியம் கூடும்போது அது மேசைமேல் இருக்கும். சாதாரணக் கடிதம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 2: கெடுவைக் குறித்துக்கொண்டு ஆவணங்களைக் கேளுங்கள்

நோட்டீஸ் கிடைத்த தேதியை எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இதற்கு முன்பே ஒரு கோர்ட் ஆஃப் என்கொயரி (நடந்தது என்ன என்று கண்டறியும் படைக்குள்ளான விசாரணை) நடந்திருக்கும். உங்கள் நடத்தையோ இராணுவ நற்பெயரோ பாதிக்கப்படக்கூடும் என்றால், அந்த விசாரணை முழுவதும் உடனிருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் இராணுவ விதிகள் 1954-இன் 180-ஆம் விதி உரிமை தருகிறது. உங்களைப் பாதிக்கும் சாட்சியத்தின் நகலைக் கேட்க 184-ஆம் விதி இருக்கிறது. இந்த வாய்ப்புகள் கிடைக்கவில்லையென்றால் அதைப் பதிலின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். என் கருத்தில், நற்சான்றிதழ்கள் பத்து இணைப்பதைவிட இந்த ஒரு பத்திக்குக் கனம் அதிகம்.

நகல்கள் வரத் தாமதமானால், கெடு முடியும் முன்பே கூடுதல் அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். படைப்பிரிவின் நிர்வாக வேலைகளைப் பார்க்கும் அட்ஜுடண்டிடம் வாய்மொழியாகச் சொல்லி வைத்தால் போதாது.

படி 3: யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள்

2012 மே மாதம், 3-ஆம் கோர் (பல டிவிஷன்கள் அடங்கிய பெரும் படைப்பிரிவு) தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தல்பீர் சிங் சுஹாகுக்கு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது. 2011 டிசம்பரில் ஜோர்ஹாட்டில் ஓர் உளவுப் பிரிவு நடத்திய சோதனை தொடர்பான விவகாரம் அது. பதவி உயர்வுக்கும் தடை விழுந்தது. அப்போதைய தலைமைத் தளபதி ஜெனரல் வி.கே.சிங் அந்த மாதம் 31-ஆம் தேதி ஓய்வு பெற்றார். சுஹாக் தன் பதிலைக் கொடுத்திருந்தார். அடுத்து வந்த ஜெனரல் பிக்ரம் சிங் ஜூனில் தடையை நீக்கினார். 2014 ஜூலை 31 அன்று சுஹாக் தலைமைத் தளபதி ஆனார்.

நோட்டீஸ் அனுப்பிய காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருவர், முடிவெடுத்தவர் இன்னொருவர். உங்கள் பதிலையும் நாளை உங்களை அறியாத ஒருவர் படிக்கலாம். அரசுச் செயலகத்தில் ஓர் அதிகாரி, அல்லது தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதி. உங்கள் சி.ஓ.வுக்கு (கமாண்டிங் ஆபீசருக்கு) தெரிந்த கதைதானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். நடந்ததை அந்தப் புதியவருக்கும் புரியும்படி எழுதுங்கள்.

படி 4: பத்திக்குப் பத்தி பதில்

வேலையெல்லாம் இங்கேதான். ஒரு கற்பனை உதாரணம்: மலைப்பாதையில் கான்வாய் (அணியாகச் செல்லும் இராணுவ வண்டிகள்) லாரி ஒன்று கவிழ்ந்தது. கான்வாய் கமாண்டராக இருந்த கேப்டன், புறப்படும் முன் ஓட்டுநர்களுக்கு அறிவுரை தரவில்லை என்பது நோட்டீஸின் 3(ஆ) பத்தி. பதில் ஆங்கிலத்தில்தான் போகும். பொருளைத் தமிழில் தருகிறேன்.

இப்படி எழுத வேண்டாம்: “நான் ஒருபோதும் கடமை தவறியதில்லை. என்மேல் காழ்ப்புக் கொண்ட சிலர் சொன்னதை நம்பி இந்த நோட்டீஸ் அனுப்பப்பட்டுள்ளது.”

இப்படி எழுதுங்கள்: “பத்தி 3(ஆ) மறுக்கப்படுகிறது. காலை 5.30 மணிக்கு எல்லா ஓட்டுநர்களுக்கும் அறிவுரை தந்தேன். இரண்டாம் சாட்சி, 4-ஆம் கேள்விக்கான பதிலில் இதை உறுதி செய்கிறார். வண்டி 6.10-க்குப் புறப்பட்டது கார் டைரியில் (வண்டியின் ஓட்டப் பதிவேட்டில்) உள்ளது (இணைப்பு 2).”

இரண்டாவதில் உரிச்சொல்லே இல்லை. நேரம், சாட்சி, காகிதம் மட்டும். படிப்பவர் இணைப்பைப் புரட்டித் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே தவறு நடந்திருந்தால்? “பத்தி 3(இ)-இல் சொன்னபடி, இரண்டாவது நிறுத்தத்தில் பிரேக் சோதனை நடக்கவில்லை. பின்னால் இருந்த வண்டி பழுதானதால் நான் அந்த வண்டியருகே இருந்தேன்; அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் ஒப்படைக்காதது என் குறை” என்று நேராகச் சொல்லலாம். சிறியதை ஒப்புக்கொண்டவர் பெரியதை மறுக்கும்போது அவர் சொல்லுக்கு மதிப்பு கூடுகிறது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: அதே சம்பவத்துக்குக் கோர்ட் மார்ஷலோ போலீஸ் வழக்கோ வரக்கூடும் என்றால், ஒரு வரி ஒப்புக்கொள்ளும் முன்பும் இராணுவச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஹவில்தார்மேல் பழியைத் தள்ளாதீர்கள். அது நியாயமும் இல்லை. உங்கள் தலைமையில் குறை என்ற குற்றச்சாட்டை நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும்.

படி 5: அனுப்புதல்

முறையான வழியில் மட்டும் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். வரைவை வாட்ஸப்பில் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டாம். படையின் இடமும் நடமாட்டமும் அதில் இருக்கும்.

படி 6: கண்டனம் வந்தே விட்டால்

இராணுவச் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் மத்திய அரசுக்கு முறையீடு செய்யலாம். அதன் பிறகு, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். படைக்குள் உள்ள வழிகளை முதலில் முயன்றீர்களா என்று அங்கே கேட்பார்கள். முறையீட்டின் மேல் இறுதி ஆணை வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். சென்னையில் அதற்கு ஒரு கிளை உண்டு. ஆனால் பணியில் இருப்பவர், பணியிடமோ பிரச்சினை எழுந்த இடமோ எந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் ஊரை வைத்தும் மனு செய்யலாம்.