நெல்லில் ‘பார்’ ஜீனை ஏற்றுவது எப்படி?

திட்ட வேலைக்கு வரும் மாணவர்கள் எல்லோரும் கேட்பது, “ஜீனை எப்போ அக்கா உள்ளே விடுவோம்?” என்றுதான். அது அரை மணி நேர வேலை. உள்ளே போனதா, நிலைத்ததா, வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லுக்கு நாங்கள் எடுப்பது ‘பார்’ ஜீன். ஸ்ட்ரெப்டோமைசஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் செடியில் குளுட்டமின் தயாரிக்கும் நொதி முடங்கும். அம்மோனியா தேங்கி இலை கருகும். ‘பார்’ தரும் நொதி அந்த மருந்தின் மேல் ஒரு அசிட்டைல் தொகுதியை ஒட்டி அதைச் செல்லாக்காசாக்கிவிடும். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கு வழி வேறு. 1996-இல் அமெரிக்காவில் விதைப்புக்கு வந்த ரவுண்டப் ரெடி என்ற கிளைபோசேட் தாங்கும் சோயாவில் மருந்தைச் சிதைப்பதில்லை, மருந்தால் முடக்க முடியாத மாற்று நொதி இருக்கிறது. எனக்கு ‘பார்’ பிடிக்கக் காரணம், பண்பும் அதுவே, ஜீன் ஏறிய செல்லைப் பிரித்தெடுக்கும் தேர்வுக்கான அடையாளமும் அதுவே. தனியாக ஆன்டிபயாடிக் ஜீன் சேர்க்க வேண்டாம்.

முதலில் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். அதில்லாமல் எதையும் தொடாதீர்கள்.

ஜீனைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடில், ஜீனுக்கு முன்னால் மக்காச்சோளத்தின் யுபிக்விட்டின் புரமோட்டரை, அதாவது ஜீனை இயக்கும் பகுதியை, வையுங்கள். காலிஃபிளவர் வைரஸின் 35எஸ் புரமோட்டர் நெல்லில் அவ்வளவு வலுவாக வேலை செய்யாது.

நான் ஏ.எஸ்.டி. 16 என்ற நெல் ரகத்தின் விதையை எடுப்பேன். உமியைக் கையால் நீக்கி, கரும்புள்ளி உள்ளதை ஒதுக்கி, ஆல்கஹாலிலும் பிளீச்சிலும் கழுவி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் இருட்டில் வையுங்கள். வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கிறோமே, அதே டூ ஃபோர் டிதான். இங்கே துளி அளவில் கால்லஸை, அதாவது உருப்பெறாத செல் கட்டியை, வளர்க்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் வெளிர்மஞ்சளாய், உலர்ந்து, மணிமணியாய் இருப்பவை மட்டும் வேண்டும். நீர்த்துப் பழுப்பானதை இரக்கமில்லாமல் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து, ஜீன் ஏறாததைக் கொல்லத் தேவையான மருந்தின் அளவு. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஜீன் ஏற்றாத கால்லஸை லிட்டருக்கு 0, 2, 4, 6, 8 மில்லிகிராம் என்று குளுஃபோசினேட் கலந்த தட்டுகளில் வைத்து, எல்லாம் சாகும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். ரகத்துக்கு ரகம் இது மாறும். அடுத்தவர் கட்டுரையில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். தேர்வு ஊடகத்தில் குளுட்டமின் போடவே கூடாது. மருந்து நிறுத்துவதே குளுட்டமின் உற்பத்தியைத்தான். நீங்களே அதை ஊட்டினால் ஜீன் இல்லாததும் பிழைத்து நிற்கும்.

சரி, இப்போது அந்த அரை மணி நேரம். செடிக்குள் ஜீனைக் கொண்டுசெல்லும் பாக்டீரியம் அக்ரோபாக்டீரியம். நம் பிளாஸ்மிடை ஏற்றிய அதன் கரைசலில், அதைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோனைச் சேர்த்து, கால்லஸை ஊறவைத்து, வடிதாளில் ஒற்றி எடுத்து, இருட்டில் மூன்று நாள் வையுங்கள். அப்புறம் அந்தப் பாக்டீரியத்தைக் கொல்ல, செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த நீரில் நன்றாகக் கழுவுங்கள். செஃபோடாக்சிமை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். ஊடகம் ஆறிய பிறகு வடிகட்டிச் சேர்க்க வேண்டும்.

தேர்வுத் தட்டில் பெரும்பாலானவை பழுப்பாகிவிடும். செத்த கட்டியின் ஓரத்தில் புதிதாய் முளைக்கும் மஞ்சள் பொட்டைத்தான் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றி, பிழைத்ததைச் செடியாக்கும் மறுவளர்ப்பு ஊடகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கால்லஸுக்கும் தனி எண் கொடுங்கள். ஒரே கட்டியிலிருந்து பத்து செடி வந்தால் ஜீன் பத்து முறை தனித்தனியாக ஏறியது என்று ஆகிவிடாது.

ஜீன் இருக்கிறதா என்று டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆரில் கோடு தெரிந்ததும் இனிப்பு வாங்கப் போகாதீர்கள். செடிக்குள் ஒளிந்திருக்கும் அக்ரோபாக்டீரியமும் அதே கோட்டைத் தரும். செடிக்குள் போகாமல் பாக்டீரியத்திலேயே தங்கும் அதன் ‘விர்’ ஜீனைத் தேடவும் ஒரு ஜோடி பிரைமர் (சிறு டி.என்.ஏ. துண்டு) போட்டு, அது வராத செடியை நம்புங்கள். கூடவே இலையில் பேனாவால் குறியிட்டு, தேயிலைத் தோட்டங்களில் அடிக்கும் குளுஃபோசினேட்டை நீர்த்துத் தடவுங்கள். ஜீன் வேலை செய்யாத இலை சில நாளில் கருகும். பக்கத்தில் சாதாரணச் செடி ஒன்றுக்கும் தடவுங்கள், மருந்தே பழையதாக இருக்கலாம்.

அடுத்த தலைமுறை நாற்றுகளில் மருந்து அடித்தால் மூன்று பிழைக்க ஒன்று சாக வேண்டும், அதாவது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். அப்படி வந்தால் ஜீன் ஓரிடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். எத்தனை பிரதி என்பதைச் சதர்ன் பிளாட் என்ற டி.என்.ஏ. சோதனை சொல்லும்.

பூக்கும் முன் கதிர்களுக்குப் பட்டர் பேப்பர் உறை போடுங்கள். வயலில் களையாக முளைக்கும் களை நெல்லும் நெல்லும் ஒரே இனம். மகரந்தம் போனால் களைக்கே மருந்து தாங்கும் திறன் வந்துவிடும். விதையை எண்ணிப் பதிவேட்டில் எழுதுங்கள், மிச்சத்தை ஆட்டோகிளேவ் செய்யுங்கள். எல்.எல். 601 என்ற நெல்லிலும் இதே ‘பார்’ ஜீன்தான். 2001-இல் வயல் சோதனை முடிந்த அந்த நெல்லின் தடயம் 2006-இல் அமெரிக்கச் சந்தை அரிசியில் கிடைத்தது. ஏற்றுமதி அடிவாங்கியது, 2011-இல் பேயர் நிறுவனம் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. அதனால் பதிவேட்டில் ஒரு விதை குறைந்தாலும் வீட்டுக்குப் போகாமல் தேடச் சொல்வேன்.