யாங்கூனிலிருந்து சென்னைக்கு முதல் கண்டெய்னர்: பணத்தை எந்த வழியில் கேட்பது?

யாங்கூனின் பயின்னாங் மண்டியில் உளுந்து வாங்கி விற்றுப் பழகிய நம் பிள்ளைகள் பலர் இப்போது நேரடியாகச் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்பப் பார்க்கிறார்கள். சரக்குப் பிடிப்பது, எஃப்.ஏ.க்யூ.வா (சராசரித் தரம்) எஸ்.க்யூ.வா (உயர் தரம்) என்று தரம் பிரிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. தடுமாற்றம் பணத்தில்தான். "அண்ணே, எல்.சி. கேட்கவா, டி.டி. போதுமா? பார்ட்டி டி.ஏ. கேட்கிறார், கொடுக்கலாமா?" பார்ட்டி என்றால் வாங்குபவர்; மற்றச் சுருக்கங்களின் பொருள் படி 2-ல் வரும். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பார்ட்டி சரக்கு வேண்டாம் என்றால் எவ்வளவு போகும்?

எந்த முறை பாதுகாப்பு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கணக்குப் போடுங்கள். 20 அடி கண்டெய்னரில் 24 டன், 50 கிலோ மூட்டையாக 480 மூட்டை. கணக்குக்காக டன் 900 டாலர் என்று வைத்தால் மொத்தம் 21,600 டாலர்.

கப்பல் போய்ச் சேர்வதற்குள் சென்னையில் விலை 15 சதவீதம் இறங்கிவிட்டது. இப்போது அந்தச் சரக்கின் மதிப்பு 18,360 டாலர். ஒப்பந்த விலைக்கு எடுத்தால் பார்ட்டிக்கு 3,240 டாலர் நஷ்டம். அவர் கொடுத்தது 10 சதவீத அட்வான்ஸ், அதாவது 2,160 டாலர் என்றால், அதை விட்டுவிட்டு மண்டியில் வேறு சரக்கு வாங்குவதுதான் அவருக்கு லாபம். நல்ல மனிதருக்குக்கூட அப்போது தரத்தில் குறை கண்ணில் படும். 30 சதவீதம், 6,480 டாலர் கொடுத்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே சரக்கை எடுப்பார்.

ஆகவே அட்வான்ஸ் என்பது பேரத்தில் வந்து விழும் எண்ணாக இருக்கக்கூடாது. விலை எவ்வளவு இறங்கக்கூடும் என்பதோடு, துறைமுகத்தில் கிடந்தால் ஏறும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்), வேறு ஆளுக்கு அவசரமாக விற்கும்போது கொடுக்கும் தள்ளுபடி இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் சரக்கின் விலை டெல்லியின் ஒரு அறிவிப்பில் மாறுகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டபோது இங்கே விலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படி 2: முறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். முழு அட்வான்ஸ் டி.டி.யில் (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், பேங்க் வழி நேரடிப் பணமாற்றம்) வந்தால் நமக்குக் கவலை இல்லை. ஆனால் புதிய ஆளுக்கு யாரும் அப்படித் தரமாட்டார்கள். எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்றால் சரியான டாக்குமெண்டுக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் பேங்க் வாக்குக் கொடுக்கிறது. டி.பி.யில் (டாக்குமெண்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் பேமெண்ட்) பணம் கட்டினால்தான் பேங்க் டாக்குமெண்டைக் கொடுக்கும். பேங்கின் சொந்தப் பொறுப்பு எதுவும் இல்லை. டி.ஏ.யில் (டாக்குமெண்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் அக்செப்டன்ஸ்) பணம் தருகிறேன் என்று பில்லில் கையெழுத்துப் போட்டதுமே டாக்குமெண்ட் அவர் கைக்குப் போய்விடும், பணம் 30 அல்லது 60 நாள் கழித்து. ஓப்பன் அக்கவுண்டில் சரக்கும் டாக்குமெண்டும் நேராக அவருக்கே போகும், பணம் பிறகு; எல்லாமே நம்பிக்கை.

டி.ஏ. கேட்கும் புதிய பார்ட்டிக்கு என் பதில் எப்போதும் "இல்லை"தான்.

படி 3: பி.எல். யார் பேரில்?

புதியவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. பி.எல். (பில் ஆஃப் லேடிங்) என்பது ஷிப்பிங் லைன் தரும் சரக்கு ரசீது; அதன் ஒரிஜினலைக் கொடுத்துத்தான் சரக்கை எடுக்க முடியும். டி.பி.க்கு உயிர் இருப்பதே பி.எல். நம் பிடியில் இருக்கும்வரைதான். வாங்குபவர் பேரில் நேராக எடுக்காதீர்கள். 'டு ஆர்டர்' (கையெழுத்திட்டுக் கைமாற்றக்கூடியது) என்று எடுத்து, பின்பக்கம் கையெழுத்திட்டு, மூன்று ஒரிஜினலையும் பேங்க் மூலமாகவே அனுப்புங்கள். "ஒரு ஒரிஜினலை மட்டும் எனக்கு கூரியரில் போட்டுவிடுங்கள், கிளியரிங் சீக்கிரம் முடியும்" என்று கேட்பார்கள். அந்த ஒன்றே போதும், சரக்கை எடுத்துவிடலாம்.

நம் வழித்தடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாங்கூனுக்கும் சென்னைக்கும் தூரம் குறைவு. டாக்குமெண்ட் பேங்க் மேசைகளைக் கடந்து போவதற்குள் கப்பல் சேர்ந்துவிடும். உடனே போன் வரும்: "தம்பி, டெமரேஜ் ஏறுது, பி.எல்.லை சரண்டர் பண்ணிடுங்க, நாளைக்கே பணம் போட்டுடறேன்." சரண்டர் என்றால் ஒரிஜினலை இங்கேயே ஷிப்பிங் லைனிடம் திருப்பிக் கொடுத்து, அங்கே ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடச் செய்வது. மீதிப் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு சரண்டர் செய்யுங்கள். பேங்க் ஸ்லிப்பின் போட்டோ பணம் ஆகாது. அவசரத்தைத் தவிர்க்க ஒரே வழி, கப்பல் கிளம்பிய மறுநாளே டாக்குமெண்டைப் பேங்கில் கொடுப்பது. ஃபியூமிகேஷன் (பூச்சிக்குப் புகை போட்டது), பைட்டோ (பயிர் நலம்), ஃபார்ம் ஏ.ஐ. (ஆசியான்-இந்தியா ஒப்பந்தப்படி எந்த நாட்டுச் சரக்கு என்பது) சான்றிதழ்களுக்கு முன்கூட்டியே அலையுங்கள்.

படி 4: எல்.சி. வந்தால் வரி வரியாகப் படியுங்கள்

வைபரில் வந்த பி.டி.எஃப். எல்.சி. ஆகாது. உங்கள் பேங்குக்கு ஸ்விஃப்டில் (பேங்குகளுக்கு இடையேயான செய்தி வழி) வந்து, அவர்கள் உண்மை என்று உறுதி செய்து கொடுத்ததுதான் எல்.சி. அதற்குப் பிறகு லோடிங்.

2007 ஜூலை 1 முதல் எல்.சி.க்குப் பொதுவாக யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகள்தான். அதன் அடிப்படை: பேங்க் பார்ப்பது காகிதத்தை, உளுந்தை அல்ல. சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காகிதத்தில் பிழை இருந்தால் பணம் நிற்கும். சரிபார்க்க பேங்குக்கு அதிகபட்சம் 5 வேலை நாள். எல்.சி.யில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கப்பலேற்றிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்கும் முன்பாக, டாக்குமெண்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நுணுக்கம் பாருங்கள். எல்.சி.யில் "24 மெட்ரிக் டன்" என்று மட்டும் இருந்தால், தொகை தாண்டாதவரை, அளவில் 5 சதவீதம் கூடக் குறைய அனுப்ப விதி இடம் தருகிறது. "480 மூட்டை" என்று எழுதிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்; 479 என்றால் டிஸ்க்ரெபன்ஸி (காகிதப் பிழை). எனவே எண்ணிக்கையை நீக்கச் சொல்லித் திருத்தம் கேளுங்கள்.

அப்புறம், "வாங்குபவர் கையெழுத்திட்ட தரச் சான்றிதழ்" என்று ஒரு வரி இருந்தால் அந்த எல்.சி.யை ஏற்காதீர்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்குப் பணம் இல்லை. மூன்றாம் தரப்பு சர்வேயர் சான்றிதழ் என்று மாற்றச் சொல்லுங்கள்.

படி 5: பணம் எந்த வழியாக வரும்?

பர்மாவில் இருப்பவர்களுக்கு இது தனிக் கவலை. பார்ட்டி நல்லவர், அவர் பேங்கும் நல்லது, ஆனாலும் டாலர் நடுவழியில் நிற்கலாம். 2023 ஜூனில் எம்.எஃப்.டி.பி., எம்.ஐ.சி.பி. ஆகிய பர்மாவின் இரண்டு அரசு வங்கிகள் மீது அமெரிக்கா தடை விதித்தது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், வரும் அந்நியச் செலாவணியை மத்திய வங்கி விலையில் சாட்டாக (பர்மா நாணயம்) மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. எவ்வளவு பங்கை மாற்ற வேண்டும் என்பது பிறகு பலமுறை மாறியிருக்கிறது. விலை சொல்வதற்கு முந்தைய நாள் உங்கள் பேங்கில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தியாவிலிருந்து பணம் எந்த வங்கிகள் வழியாக வரும்? இன்றைய விதிப்படி கையில் எவ்வளவு சாட் நிற்கும்? 2022 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி அனுமதித்த ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு (இந்திய வங்கியில் வெளிநாட்டு வங்கி வைக்கும் ரூபாய் கணக்கு) வழியையும் சேர்த்து விசாரியுங்கள். கிடைத்த பதிலை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

படி 6: பழகிய பார்ட்டிக்குக் கடன்

பழகியவருக்குக் கடன் கொடுக்காமல் வியாபாரம் வளராது, அது உண்மை. ஆனால் ஆளுக்கு ஒரு வரம்பு வையுங்கள். பழைய கண்டெய்னரின் பணம் வரும்வரை அடுத்தது ஏறக்கூடாது. பத்து பேருக்கு ஒவ்வொரு கண்டெய்னர் கடன் என்றால் ஆபத்து பரவியிருப்பதாகத் தோன்றும். ஆனால் உளுந்து விலை விழுந்தால் பத்து பேரும் ஒரே வாரத்தில் திணறுவார்கள். இந்த மண்ணில் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் பட்டது அதைத்தான். ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்குக் கடன் பிரித்துக் கொடுத்திருந்தும், 1930-களில் நெல் விலை வீழ்ந்தபோது எல்லாக் கடனும் சேர்ந்தே நின்றது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்கள் நிலம் 1938-க்குள் 25 சதவீதம் அளவுக்குப் போனது. பணத்துக்குப் பதில் கையில் வந்த நிலம் அது.

படி 7: பார்ட்டி எடுக்க மறுத்தால்

வாதம் செய்துகொண்டு நாளைக் கடத்தாதீர்கள். துறைமுகத்தில் ஒவ்வொரு நாளும் காசு. அன்றே பேங்குக்கு எழுத்தில் சொல்லி டாக்குமெண்டை யாருக்கும் விடக்கூடாது என்று உறுதிப்படுத்துங்கள். ஷிப்பிங் லைனுக்கும் ஒரு கடிதம். வேறு ஆளுக்கு விற்க இந்தியச் சுங்கத்தில் பெயர் மாற்றும்போது பழைய பார்ட்டியின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தைக் கேட்பது வழக்கம். அதை வைத்துத்தான் அவர் விலையைக் குறைக்கப் பேசுவார். அதனால், மறுத்தால் இத்தனை நாளுக்குள் அந்தக் கடிதத்தைத் தர வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்ற வரியை ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சென்னையில் அதே தரம் வாங்கும் இன்னும் இரண்டு பேரின் போன் நம்பர், கப்பல் கிளம்பும்போதே உங்களிடம் இருக்கட்டும்.