பூட்டனைத் தேடப்போய் விடுகிற பிழைகள்

வெளிநாட்டில் இருக்கிற மச்சானோ மச்சாளோ நத்தார்க் கழிவு விலையில் ஒரு டிஎன்ஏ கிட் வாங்கி, எச்சிலைத் துப்பி அனுப்பிவிட்டு, பிறகு ஒருநாள் வட்சப் குழுவில் ஒரு படத்தைப் போட்டு "இவர் எங்களுக்குச் சொந்தமாம், ஆர் இவர்?" என்று கேட்பதில்தான் இப்போது எங்கள் பக்கத்தில் பரம்பரை ஆராய்ச்சி தொடங்குகிறது. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கிட்டை விற்கிற நிறுவனங்களின் இணையத்தளங்கள் ஒரு வகைக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும், சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்காது, பிறந்த ஊரிலேயே பதிவு கிடக்கும். இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னியில் இந்த மூன்றையும் நம்பி இறங்கினால் முதல் வாரத்திலேயே பிழையான மரம் ஒன்று வளர்ந்து நிற்கும், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நகல் எடுத்துவிடுவார்கள்.

பெரிய பிழை எண்ணை அப்படியே நம்புவது. இரண்டு பேருக்குப் பொதுவான டிஎன்ஏயைச் சென்டிமோர்கன் என்ற அளவில் காட்டுவார்கள். ஒன்றைவிட்ட சகோதரங்களுக்கு (ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள்) சராசரி 866, இரண்டைவிட்டவர்களுக்கு (ஒரே பூட்டன் பூட்டி வழி வந்தவர்கள்) 229, மூன்றைவிட்டவர்களுக்கு 73 என்று ஒரு பட்டியல் இணையத்தில் எல்லா இடமும் சுற்றுகிறது. பட்டியல் பொய் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவர்கள் கொடுத்த தரவில் இருந்து எடுத்தது, அங்கே மச்சானும் மச்சாளும் கட்டுவது அரிது. எங்களுக்கோ அது உரிமை. மாமா மகளைக் கட்டியவரின் பிள்ளை, அந்த மாமாவின் பேரப்பிள்ளைகளோடு ஒரு வழியில் இல்லை, இரண்டு மூன்று வழியில் சொந்தம், எல்லா வழியிலும் வந்த டிஎன்ஏயைக் கூட்டித்தான் தளம் ஒற்றை எண்ணாகக் காட்டும். இப்படியே இரண்டைவிட்டவர்களுக்குள் 229 வரவேண்டிய இடத்தில் 400 வந்து நிற்கும். உடனே "இரண்டைவிட்டது இல்லை, இன்னும் நெருக்கம்" என்று ஆளை ஒரு தலைமுறை மேலே ஏற்றி எழுதிவிடுவார்கள்.

மாற்றுச் சம்பந்தத்தில் இது இன்னும் மோசம். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டினால், அந்த இரண்டு சோடியின் பிள்ளைகளும் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் ஒன்றைவிட்ட சகோதரங்கள். அவர்களுக்குள் 1700 அளவில் வரும். ஒரே தகப்பனுக்கு இரண்டு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். தளம் எது அதிகம் நடக்குமோ அதைப் போட்டு "பாதிச் சகோதரம்" என்று எழுதிக் காட்டும். பிறகென்ன, செத்துப்போன மனிசனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று லண்டனில் ஒரு சண்டை, கிளிநொச்சிக் கரைச்சியில் ஒரு அழுகை. இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டு பேரின் தரவையும் ஜெட்மேட்ச் (GEDmatch) என்ற ஒப்பிடும் தளத்தில் ஏற்றி ஒருவருக்கொருவர் ஒப்பிட்டால் நிறக்கோடு வரும்: மஞ்சள் என்றால் அந்த இடத்தில் தாய் தந்த பிரதி, தகப்பன் தந்த பிரதி இரண்டில் ஒன்று மட்டும் பொருந்துகிறது, பச்சை என்றால் இரண்டும் பொருந்துகிறது. மாற்றுச் சம்பந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பச்சைத் துண்டுகள் இருக்கும். தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்து, தாய்மார் இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லாதவர்கள் என்றால் அப்படி வராது. அந்தப் படத்தைப் பார்க்காமல் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது என் கருத்து.

பொதுவான டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் வரும், மொத்த எண்ணைவிட அதில் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். 90 சென்டிமோர்கன் மூன்று துண்டாக வந்து, அதில் ஒன்று 45 என்றால் பக்கத்துச் சொந்தமாக இருக்க நியாயம் உண்டு. அதே 90 ஒன்பது துண்டாகச் சிதறி, பெரியதே 14 தான் என்றால், அது பல தலைமுறை ஒரே வட்டத்துக்குள் கட்டிக்கொண்டதில் சேர்ந்த பழைய மிச்சம். அந்த ஆளை மரத்தில் எங்கே போடுவது என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. 7 சென்டிமோர்கனுக்குக் கீழே உள்ள துண்டுகளைத் திரும்பியும் பார்க்காதீர்கள், அதில் பாதிக்குமேல் தற்செயல். ஜெட்மேட்சிலேயே உங்கள் தாய் தகப்பன் சொந்தமா என்று பார்க்கிற கருவியும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முதல் அதை ஓட்டுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கடதாசியிலேயே இதற்கு விடை கிடைக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதற்குத் திருச்சபையின் விலக்கு வேண்டும், அந்த விலக்குக் கொடுத்ததைப் பங்கின் திருமணப் பதிவேட்டில் குறிப்பார்கள். ஆனால் பலர் மணமக்கள் பெயரையும் திகதியையும் மட்டும் படம் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உள்ள சின்ன எழுத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோரின் பெயரையும் அப்படித்தான் விடுகிறார்கள், அவர்கள் பெரும்பாலும் மாமா, மாமி, பெரியம்மா வழி ஆட்களாக இருப்பார்கள் என்பதை யோசிப்பதில்லை.

சரி, பெயருக்கு வருவோம். எங்களுடைய முன்னெழுத்து குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்குப் புருஷன் பெயர். கனடா படிவத்தில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தை ஒரு அண்ணன் தகப்பன் பெயரால் நிரப்பியிருப்பார், தம்பி தன் சொந்தப் பெயரால் நிரப்பியிருப்பார், அவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு இரண்டு குடும்பப் பெயரோடு திரிகிறார்கள். ஆகவே டிஎன்ஏ பொருந்துகிறவர்களின் (மேட்ச்) பட்டியலில் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுவது வீண்வேலை. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கிற வழக்கம் இதைவிடப் பொல்லாதது: கந்தையா மகன் செல்லையா, செல்லையா மகன் கந்தையா, அந்தக் கந்தையாவுக்கு மறுபடி ஒரு செல்லையா. பழைய காணி உறுதியில் ஒரு செல்லையாவைக் கண்டதும் எங்கடை ஆள்தான் என்று பாயாமல், வருடத்தையும் காணியையும் பெண்சாதியின் பெயரையும் வைத்துப் பார்த்தால்தான் எந்தச் செல்லையா என்று பிடிபடும். வயதானவர்கள் "என்ரை அண்ணர்" என்று சொன்னால் கூடப்பிறந்தவரா, பெரியப்பா மகனா என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். அடுத்த முறை கேட்கலாம் என்று விட்ட பலருக்கு அடுத்த முறை கிடைக்கவில்லை.

ஊரைத் தேடுவதில் இரண்டு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. முதலாவது மாவட்டம். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து பிரிந்தது 1984இல். 1960இல் இன்றைய கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் பிறந்தவரின் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம் என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு "அப்போ நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது தலைப்பிரசவம். முதல் பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள், அங்கே பிறந்தால் பதிவும் அங்கேதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேறிய குடும்பங்களில் மூத்த பிள்ளையின் பதிவு தாயின் ஊரான யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடக்கும், இளையவர்களின் பதிவு இங்கே கிடக்கும். மூத்தவரின் பதிவை இங்கே தேடிக் களைத்துப்போய் "பதிவே இல்லை" என்று முடிவுகட்டுவதற்குமுன் அம்மம்மாவின் ஊர்ப் பதிவாளர் பிரிவில் கேட்டுப் பாருங்கள். யுத்தத்தில் எல்லாம் எரிந்துபோச்சு என்ற முடிவும் அப்படித்தான். பிறப்பு இறப்புப் பதிவு இரண்டு பிரதியாக எழுதப்படுவது, ஒன்று அழிந்தாலும் மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போயிருக்கலாம்.

திகதிகளில் கவனம். பிறப்புப் பதிவு அகப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பார்கள். பெயரிலேயே உத்தேசம் என்று இருக்கிறது, ஆனால் மரத்தில் அதைச் சரியான பிறந்த நாளாக ஏற்றி, அந்த நாளில் முகநூலில் வாழ்த்தும் போடுகிறோம்.

செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற கல்வெட்டு, அதாவது நினைவு மலர், எங்களுடைய பெரிய சொத்து. வம்சம் எங்கே தொடங்கியது, எந்த ஊரில் பெண் எடுத்தது, மருமக்கள் யார் என்று சில கல்வெட்டுகளில் நாலு தலைமுறை வரைக்கும் இருக்கும். வன்னியில் இருந்த பிரதி இடப்பெயர்வில் போயிருந்தாலும் கொழும்பிலோ பரிசிலோ யாரோ ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், நூலகம் இணையத்தளத்திலும் நினைவு மலர்கள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் செத்த திதியைச் சொல்கிற திதி வெண்பாவில் வருகிற தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக மாற்றுகிற இடத்தில் வழுக்குகிறார்கள். பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம், அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். போதாததுக்கு வருடம் சித்திரையில் தொடங்குவதால், 1927இல் தொடங்கிய பிரபவ வருடத்துத் தை மாதம் என்றால் அது 1928. இன்னொன்று, கல்வெட்டையும் மரண அறிவித்தலையும் எழுதுகிறவர்கள் செத்தவரின் பிள்ளைகள்தான். ஓடிப்போய்க் கட்டிய மகளும் முதல் தாரத்துப் பிள்ளையும் அதில் இல்லாமல் போவது புதினம் இல்லை. டிஎன்ஏயில் வருகிற "ஆரெண்டே தெரியாத" நெருங்கிய சொந்தம் பல நேரம் அந்த மகளின் பேரப்பிள்ளையாக இருக்கும்.

காணிக் கடதாசியையும் இதே கண்ணோடு பாருங்கள். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடியது) என்று யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி எழுதிய உறுதி என்றால் காணி எந்த வழியால் வந்தது என்று அதுவே சொல்லும், நாலு எல்லைக்கும் சொல்லியிருக்கிற பெயர்களில் பாதி சொந்தக்காரர். குடியேற்றத் திட்டத்து அனுமதிப்பத்திரம் அப்படி இல்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்தவற்றில் பின்னுரித்தாளி, அதாவது அடுத்து உரிமை பெறுகிறவர், என்று ஒருவரின் பெயர்தான் அனேகமாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் பிறக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வன்னியின் கடைசி மன்னன் என்று சொல்கிற பண்டாரவன்னியனில் இருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் 1803இல் அவர் தோற்றதைச் சொல்கிறதே தவிர, அவருடைய பிள்ளை குட்டியின் பெயரைச் சொல்லவில்லை, அவருடைய எச்சிலை எடுத்துக் குழாயில் அடைத்தும் யாரும் வைக்கவில்லை. உங்களில் இருந்து மேலே ஏறுங்கள், ஏணி எங்கே முடிகிறதோ அங்கே நில்லுங்கள். அதேபோல டிஎன்ஏ முடிவு சாதி சொல்லாது, வன்னியா யாழ்ப்பாணமா என்றும் சொல்லாது. தென்னிந்தியா, இலங்கை என்று பொதுவாக ஒரு விழுக்காடு போடுவார்கள், அதுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் தேடல் வேறு பாதை. இங்குள்ள கச்சேரிகளில் (மாவட்டச் செயலகங்களில்) ஒரு தலைமுறைக்கு மேல் கிடைக்காது. வேலைசெய்த தேயிலைத் தோட்டத்துப் பெயர், அதற்குமுன் இந்தியாவில் இருந்து ஆட்களை அனுப்பிய மண்டபம் முகாம், அதற்குமுன் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர் என்று போகவேண்டும். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது, கூடப்பிறந்தவர்களே இரண்டு நாட்டுக் கணக்கில் விழுந்தார்கள். ஆகவே தாத்தாவின் தம்பியை இலங்கைப் பதிவில் காணவில்லை என்றால் திரும்பிப் போனவர்கள் பலர் குடியேறிய நீலகிரிப் பக்கம் யோசியுங்கள். மொரிஷியசிலோ தென்னாபிரிக்காவிலோ ஒரு தூரத்து மேட்ச் வந்தாலும் பிழை என்று தள்ளாதீர்கள், தமிழகத்தில் இருந்து அங்கேயும் கப்பல் போனது.

காணாமல் போனவரைத் தேடி இந்தக் கிட் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூனில் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வந்த பிறகு இந்தக் கேள்வி கூடியது. நேராகச் சொல்வது நல்லது: கடையில் வாங்குகிற கிட் புதைகுழி எலும்போடு பொருந்திப் பார்க்காது. இந்த நிறுவனங்கள் உயிரோடு எச்சில் கொடுத்தவர்களின் தரவைத் தங்களுக்குள் ஒப்பிடுகின்றன. எலும்பில் பார்ப்பது வேறு வகைச் சோதனை, நீதிமன்றக் கட்டளையோடு நடப்பது, அதற்கான மாதிரியையும் அந்த வழியில்தான் எடுக்கவேண்டும். காசை இதில் கொட்டி, ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

கடைசியாக, யாருடைய எச்சில். பேரப்பிள்ளை துப்புவதைவிட ஆச்சி துப்புவது பல மடங்கு பெறுமதி, ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியாகக் குறைந்து போகிற விஷயம் இது. ஒரே கிட் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் வீட்டில் மூத்தவருக்கு வாங்குங்கள். வெற்றிலை போடுகிற ஆச்சி என்றால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வைத்து, அரை மணித்தியாலம் ஒன்றும் வாயில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். நாக்கு வறண்ட வயதில் குழாய் நிறையத் துப்புவது கஷ்டம், கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கிற கிட் அவர்களுக்குச் சுகம். ஆனால் எடுப்பதற்குமுன் இது எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்று அவவுக்கு விளங்கச் சொல்லிச் சம்மதம் கேட்கவேண்டும். 23அண்ட்மீ (23andMe) என்ற டிஎன்ஏ நிறுவனத்தில் 2023இல் கிட்டத்தட்ட 69 இலட்சம் பேரின் விபரம் திருடுபோனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்துக்கு மனுப்போட்டது. பெயர்ப் பட்டியல்களால் பட்ட பாடு தெரிந்த ஊர் இது. மரத்தை யாருக்கும் திறந்து வைக்காதீர்கள், உயிரோடு இருக்கிறவர்களின் முழுப்பெயர், பிறந்த திகதி, இருக்கிற இடம் மூன்றையும் மறைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.