எஸ்க்யூஎல்லை "நிஜ" மொழி இல்லை என்று ஒதுக்கினால்

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் என்னென்ன நிரல்மொழி தெரியும் என்று கேட்டால், பைத்தான், ஜாவா என்று அடுக்குவார்கள். டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்? "அது சும்மா டேட்டா எடுக்கத்தானே சார்!" செமிகோலன் விட்டுப்போவதை எல்லாம் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லிவிடும். இந்த அலட்சியத்தை எந்தக் கம்பைலரும் சொல்லாது. எது நிரல்மொழி என்பதில் நான் பார்க்கும் மற்ற தவறுகள் இவை.

எச்டிஎம்எல் நிரல்மொழியா என்று சண்டை போடுவது

இல்லை, அது பக்கத்தின் அமைப்பைக் குறிக்கும் மொழி. ஆனாலும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

லூப் இருந்தால்தான் மொழி என்று நினைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மாதாந்திர ரிப்போர்ட். எழுதிய பையன் முதலில் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் எடுத்தான். பிறகு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் போட்டு, ஒவ்வொருவரின் பில்களுக்கும் டேட்டாபேஸிடம் தனித்தனி குவெரி, அதாவது கேள்வி, கூட்டல் பைத்தானில். சோதனை டேட்டாவில் பறந்தது. நிஜத்தில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள், அத்தனை முறை சர்வருக்குப் போய்வர வேண்டும். மாதக் கடைசியில் ரிப்போர்ட் ஓடினால் பில் போடும் கவுண்டரே திணறும். சர்வர் போதவில்லை என்று பெரிய சர்வருக்கு மாறினார்கள். வாடகை ஏறியதுதான் மிச்சம்.

தேவைப்பட்டது ஒரே குவெரி: டேபிள்களை இணைக்க ஜாயின், ஆள்வாரியாகப் பிரிக்க குரூப் பை, கூட்ட சம். பில்லே இல்லாத வாடிக்கையாளரும் பட்டியலில் வர வேண்டுமென்றால் லெஃப்ட் ஜாயின். மாற்றிய பிறகு சில விநாடிகளில் முடிந்தது.

எஸ்க்யூஎல்லில் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்களில் எதைப் பயன்படுத்துவது, எந்த டேபிளில் தொடங்குவது என்பதை டேட்டாபேஸே முடிவு செய்யும். எட்கர் கோட் என்பவர் 1970இல் வெளியிட்ட, டேட்டாவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரியை வைத்து, 1974இல் ஐபிஎம்மின் சேம்பர்லினும் பாய்ஸும் இந்த மொழியை முன்வைத்ததே அதற்குத்தான். லூப் எழுதி அந்த வேலையை நாமே பிடுங்கிக்கொண்டால், அப்புறம் டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்பக் கூடாது. சந்தேகமா? வந்த குவெரிகளின் பதிவான குவெரி லாகைத் திறந்து பாருங்கள். ஒரே குவெரி எண் மட்டும் மாறி வரிசையாக வந்தால், இதே கதைதான்.

டூரிங் முழுமையைக் கடைசித் தீர்ப்பாக எடுப்பது

கணினியால் முடிந்த எந்தக் கணக்கையும் எழுத முடிந்தால்தான் நிரல்மொழி, அதுதான் டூரிங் முழுமை என்பார்கள். 1999 தரநிலையிலேயே எஸ்க்யூஎல்லுக்குத் தன்னையே திரும்ப அழைக்கும் ரிகர்சிவ் குவெரி வந்துவிட்டது. சரி, அதை விடுங்கள். முடிவுக்கு வரும் என்று உறுதிப்படாத ரிகர்ஷனை, கணித நிரூபணங்களும் எழுதப் பயன்படும் அக்டா என்ற மொழி இயல்பாக ஏற்காது. அதை நிரல்மொழி இல்லை என்று யாரும் சொல்வதில்லையே!

எக்செல் ஃபார்முலாவைக் கேலி செய்வது

சொந்தமாக ஃபங்ஷன் எழுத உதவும் லாம்டா வந்த பிறகு, ஃபார்முலா தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும். கேலியை நிறுத்துங்கள்.