குளச்சல் கடலில் இருந்து தூத்துக்குடி கடலுக்கு: எந்த சைக்கிள் வாங்கலாம்?

முதல் தடவை நான் செய்த தப்பு, கடையில் சைக்கிளை வாங்கிவிட்டு அப்புறமாக வழியைப் பற்றி யோசித்தது. முன்னால் சஸ்பென்ஷன், முள் முள்ளாகத் தடித்த டயர், பார்த்தால் மகேந்திரகிரி மலையே ஏறிவிடும் போலிருந்த ஒரு எம்டிபி (மலைப்பாதைக்கான சைக்கிள்). வள்ளியூர் வருவதற்குள் தொடை கழன்றுவிட்டது. அங்கே காற்றடித்துத் தந்த பஞ்சர் கடை அண்ணன் டயரை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, “மக்கா, இது லாரி டயருல்லா, இத வச்சிக்கிட்டா தூத்துக்குடி போற?” என்றார்.

அதனால் படி 1, கடைக்குப் போகாமல் வழியை ஒரு தாளில் எழுதுங்கள். குளச்சல், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாகர்கோவில் வரை ஏற்றமும் இறக்கமுமாகப் போகும், ஆரல்வாய்மொழி தாண்டினால் பெரும்பாலும் சமதளம், முழுக்கத் தார் ரோடு. ஆனி ஆடியில் மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெருக்கியடித்து வரும், பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. குளச்சலில் கிளம்பினால் அது முதுகைத் தள்ளும். தூத்துக்குடியில் கிளம்பினால், வேண்டாம், அனுபவித்தவன் சொல்கிறேன். கணவாய்க்கு அப்பால் ரோடு வடகிழக்கே திரும்புவதால் பக்கவாட்டிலும் அறையும். ஆகவே பக்கவாட்டில் பலகை போல உயரமான ரிம் போட்ட ஸ்டைலான சக்கரம் இந்த வழிக்கு ஆகாது.

படி 2, வகை. என் கருத்து ஹைபிரிட்தான் (ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் இடைப்பட்டது), அதிலும் சஸ்பென்ஷன் இல்லாத, நேரான ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) உள்ளது. மலிவான சஸ்பென்ஷன் எடை கூட்டும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கை அது மேலும் கீழும் ஆடியே தின்றுவிடும். ரோடு பைக் வேகம்தான், ஆனால் குனிந்தே ஓட்டிப் பழகாதவருக்கு நாங்குநேரியிலேயே கழுத்து பிடித்துக்கொள்ளும். வீட்டில் அப்பாவின் கியர் இல்லாத பழைய வண்டி கிடந்தால் அதிலும் போகலாம், இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

படி 3, அளவு. விலையை விட இதுதான் முக்கியம். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு நோட்டைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேல்கம்பி அந்த அளவை விடத் தாழ்வாக உள்ள சைக்கிளைக் கேளுங்கள். கடையில் சைக்கிளின் மேல்கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கடை இருக்க வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். ‘ஓட்ட ஓட்ட பழகிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வேறு அளவு கேளுங்கள்.

படி 4, டயர். 32 முதல் 38 மில்லிமீட்டர் வரை, முள் இல்லாத வழவழப்பான டயர். உள்ளூர் ரோட்டுக் குழிகளையும் தாங்கும், ஹைவேயில் இழுக்கவும் செய்யாது. கூடவே வால்வைப் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. மோட்டார் பைக்கில் இருக்கும் தடித்த வால்வு (ஸ்க்ரேடர்) என்றால் எந்த பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். ஒல்லியான பிரஸ்டா என்றால் ஒரு சின்ன பித்தளை அடாப்டரைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பங்க் வாசலில் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு டியூப் கையில் இருக்கட்டும், 700சி (ஹைபிரிட், ரோடு பைக்குகளில் வரும் சக்கர அளவு) டியூப் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

படி 5, கியர். ‘21 கியர்’ என்ற ஸ்டிக்கரைப் பார்க்காமல் பற்களை எண்ணுங்கள். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தைப் பின்னால் உள்ள பெரியதால் வகுக்க வேண்டும். 34க்கு 32 என்றால் ஒன்றுக்குச் சற்றே மேல், அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஏறத்தாழ ஒரு சுற்று, பையோடு ஏற்றம் ஏற அது போதும். 48க்கு 28 என்றால் 1.7, இறங்கித் தள்ளத் தயாராக இருங்கள். பின்னால் 7 அல்லது 8 பல்சக்கரம் உள்ளதாக எடுத்தால் செலவும் குறைவு.

பிரேக் ரிம்மை இருபுறமும் கவ்வும் வி-பிரேக்கோ ஒயர் இழுக்கும் டிஸ்க்கோ எதுவானாலும் சரி, எண்ணெய் டிஸ்க் மட்டும் வேண்டாம், வழியில் கெட்டால் சரிசெய்ய ஆள் தேட வேண்டும். கேரியர் மாட்ட ஃபிரேமில் துளை இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள், முதுகுப்பையோடு 150 கிலோமீட்டர் போவது கொடுமை. ஃபிரேம் அலுமினியமாக இருந்தாலும் செயினும் போல்ட்டும் இரும்புதான், உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறும், கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

வாங்கியவுடன் கிளம்பிவிடாதீர்கள். கேரியரில் முழுச் சுமையையும் கட்டி ஒருநாள் முட்டம் வரை போய்வாருங்கள். புது ஸ்போக்ஸ் சுமையில் தளரும், பின்சக்கரம் லேசாக ஆட ஆரம்பித்தால் கடைக்குக் கொண்டுபோய் கோட்டம் எடுத்துவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள்.